குடவோலையும் கணக்கோலையும்

வெள்ளாற்றங்கரை வரலாறு – 17

சென்ற இரண்டு இதழ்களிலும் நாம் பெண்ணாடத்தைத் தாண்டவில்லை. யானை முதுகு வடிவில் எழுந்த தூங்கானைமாட விமானம், அப்பர் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற வரலாறு, கலிக்கம்ப நாயனார், மெய்கண்டார் என்று கோயிலையும் சமயத்தையும் சுற்றியே வந்தோம். இந்த இதழில் ஆட்சிப் பக்கம் திரும்புவோம்.

பெண்ணாடத்துக்கு அருகே வெள்ளாற்றின் குறுக்கே பெலாந்துறை அணைக்கட்டு இருக்கிறது. ஆறும் ஏரியும் வாய்க்காலும் உள்ள ஊர்களில் பொதுக்காரியம் வெறும் பேச்சாக நிற்பதில்லை. மடையை எப்போது திறப்பது, உடைந்த கரையை யார் அடைப்பது, தூர் வாருகிற செலவை யாரிடம் வசூலிப்பது, வசூலித்ததை யாரிடம் கொடுத்து வைப்பது? இவற்றுக்கெல்லாம் ஊர் சேர்ந்து சிலரைப் பொறுப்பில் வைத்தாக வேண்டும். வைத்த மறுநாளே அடுத்த கேள்வி பிறந்துவிடுகிறது: அவர்கள் எப்போது இறங்க வேண்டும்?

நாடாளுமன்ற உறுப்பினர்கள் இத்தனை முறைதான் இருக்கலாம் என்று வரம்பு வேண்டுமா என்று இன்று பல நாடுகளில் விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தின் வேர் நமக்குத் தொலைவில் இல்லை. வெள்ளாறு கடலுக்குப் போகும் திசையிலேயே நடந்தால் அதைத் தொட்டுவிடலாம்.

வீரநாராயணன் காலம்

கி.பி. 907 முதல் 955 வரை ஆண்டவன் முதலாம் பராந்தக சோழன். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று புகழப்படுபவன். வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. இன்று சென்னைக்குக் குடிநீர் அனுப்புகிற வீராணம் ஏரி அந்தப் பெயரில் வெட்டப்பட்டதுதான். ஏரியை அடுத்து அமைந்த வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் இன்றைய காட்டுமன்னார்கோவில். அந்த ஊரை ஆண்டது ஒரு சபை. கல்வெட்டுகள் அதைப் பெருங்குறிப் பெருமக்கள் என்று அழைக்கின்றன.

அதே பராந்தகன் காலத்தில், வடக்கே தொண்டை நாட்டில், உத்திரமேரூர்ச் சபை தன் நடைமுறையைக் கல்லில் வெட்டி வைத்தது. வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். கல்வெட்டுத் துறையினர் 1898-இல் அதைப் படியெடுத்தார்கள். கல்வெட்டறிஞர் வெங்கையா அதைப் பதிப்பித்தார். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்தார். சபைகளின் உள் ஒழுங்கை இவ்வளவு விரிவாகச் சொல்லும் சான்று நமக்கு வேறு கிடையாது. ஆகவே வீராணத்துக் கரையில் நின்றுகொண்டு உத்திரமேரூர்ச் சுவரைப் படிப்பதில் தவறில்லை.

அங்கே இருப்பவை இரண்டு கல்வெட்டுகள். ஒன்று பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டுக்குரியது, அதாவது 919. மற்றது 14-ஆம் ஆட்சியாண்டு, 921. இரண்டு முறையும் அரசனின் ஆணையோடு அதிகாரி ஒருவர் வந்து சபையோடு இருந்திருக்கிறார். முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான், இரண்டாம் முறை சோமாசிப் பெருமான். ஊர் தானே எழுதிக்கொண்ட விதிதான், ஆனால் அரசனின் கண்பார்வையில் எழுதியது. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தி மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள் என்றால், முதல் விதி நடைமுறையில் எங்கோ இடித்திருக்கிறது என்று பொருள்.

பானையைத் தூக்கிக் காட்டியவர்கள்

ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதினார்கள். குடும்புக்கு ஒரு கட்டாகக் கட்டி, மேலே அந்தக் குடும்பின் பெயரோலையை வைத்து, எல்லாவற்றையும் ஒரு குடத்தில் இட்டார்கள். சிறுவர் முதல் முதியவர் வரை மகாசபை நிறைந்து கூடியது. அன்று ஊரில் இருந்த கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் வந்து அமர்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கும்படி குடத்தை உயரத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு வெற்றுக் குடத்தில் போட்டுக் குலைத்தார்கள். அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுத்தான்.

அதை மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் என்றுகூடக் கல்வெட்டு சொல்கிறது. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியவர் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே படிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் ஏற்கப்படும்.

விரலை மடக்கினால் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம். ஒருவரே படித்தால் பெயர் மாறலாம். குடத்தைக் கீழே வைத்தால் உள்ளே கை போவது தெரியாது. இத்தனை ஓட்டைகளையும் ஒவ்வொன்றாக யோசித்து அடைத்திருக்கிறார்கள். மனிதரை நம்பாமல் எழுதிய விதி இது என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நல்லவர் மீது வீண் சந்தேகம் விழாமல் காப்பதும் இத்தகைய விதிதான்.

இப்படி 30 பேர் தேர்ந்த பிறகு வாரியங்கள் என்னும் செயற்குழுக்கள் அமைந்தன. முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள் ஆகியோரிலிருந்து 12 பேர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டுக் குழுவுக்குப் போனார்கள். தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே குடவோலையிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுபவத்தை இந்த விதி ஒதுக்கிவிடவில்லை. ஏரியும் தோட்டமும் பார்த்தவர் ஓய்ந்திருந்து திரும்பி வரும்போது அவருக்கு மேலான பொறுப்பைக் கொடுத்தது.

360 நாளும் 3 ஆண்டும்

சம்வத்சரம், தோட்டம், ஏரி ஆகிய மூன்று வாரியத்தாரும் 360 நாள் நிறைய இருந்து, பிறகு ஒழிய வேண்டும். ஒழிந்தவர் 3 ஆண்டு வரை எந்த வாரியத்துக்கும் வரக்கூடாது. நடுவில் குற்றம் கண்டால் அப்போதே விலக்கப்படுவார். பதவிக் காலத்துக்கு ஓர் எல்லை, பதவிக்கும் பதவிக்கும் இடையே ஓர் இடைவெளி, காலம் முடியும் முன்பே இறக்குகிற வழி என்று மூன்றும் ஒரே விதியில் இருந்தன.

இதைத்தான் மேடைகளில் எல்லோரும் பெருமையோடு சொல்கிறார்கள். ஆனால் 919-க்கும் 921-க்கும் நடுவே நடந்த மாற்றத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் கல்வெட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

முதல் விதியில் வயது 30 முதல் 60 வரை. திருத்தத்தில் 35 முதல் 70 வரை. அது சிறிய மாற்றம். பெரிய மாற்றம் உறவினர் பற்றியது. 919-இன் விதி, வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களின் நெருங்கிய உறவினரை விலக்கியது. நேர்மையாக இருந்து இறங்கியவரின் உறவினருக்கும் அதே தடைதான். 921-இல் அந்தத் தடை இடம் மாறியது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினருமே இப்போது விலக்கப்பட்டார்கள். அந்த உறவுப் பட்டியலைக் கல்லில் நிதானமாக எண்ணி வைத்திருக்கிறார்கள். சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தான், தகப்பனோடு பிறந்தான், உடன்பிறந்தான், பெண் கொடுத்த மாமன், மனைவியோடு பிறந்தான், உடன்பிறந்தாளை வேட்டவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன், மகன்.

கணக்கு எழுதுபவனையும் விடவில்லை. அவன் நேர்வழியில் சம்பாதித்தவனாக இருக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும். அவன் கணக்கை முடித்து வைக்க வேறொரு கணக்கன் நுழையக்கூடாது. பெருமக்கள் பார்த்துச் சுத்தன் என்று ஏற்ற பிறகுதான் அவனுக்கு மறுபடியும் வேலை.

ஆக, 2 ஆண்டு அனுபவத்தில் அந்தச் சபை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. ஒருவர் எத்தனை நாள் இருந்தார் என்பதோடு கேள்வி முடிவதில்லை, கணக்குக் கொடுத்துவிட்டு இறங்கினாரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கால எல்லைக்குப் பல் வைத்தது கணக்குதான்.

உடையார்குடிச் சுவர்

கணக்குக் காட்டாதவனின் மாமனையும் மைத்துனனையும் ஏன் இழுக்க வேண்டும்? அந்தக் காலத்து நீதி அப்படித்தான் ஓடியது. அதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களைப் பற்றியது. முதலாம் இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த ஆணையை அது பதிவு செய்கிறது. பெயர் சொல்லப்பட்டவர்களில் ரவிதாசன் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்றும், பரமேசுவரன் இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்றும் பட்டம் பெற்றவர்கள். அவை சோழ அரசில் உயர்ந்த அதிகாரிகளுக்குக் கிடைத்த பட்டங்கள்.

அவர்களோடு தண்டனை நிற்கவில்லை. உடன்பிறந்தார், மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை வேட்டவர்கள் என்று உறவின் கிளைகள் தோறும் போய் உடைமைகள் பறிக்கப்பட்டன. உத்திரமேரூரில் பதவித் தடைக்கு எழுதிய பட்டியலும், உடையார்குடியில் சொத்துப் பறிப்புக்கு எழுதிய பட்டியலும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. ஒருவன் செய்த தவறுக்கு மருமகனைத் தண்டிக்கிற நீதியை இன்று நாம் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. ஆனால் பொதுப்பணம் உறவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்று அவர்கள் அறிந்திருந்ததை மறுக்கவும் முடியாது.

குடத்துக்கு வெளியே நின்றவர்கள்

பெருமையைச் சொன்ன அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குடத்தில் யார் பெயர் விழுந்தது? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலி மட்டுமே என்றால் கல்வி அதற்கேற்பக் கூடுதலாக இருக்க வேண்டும். அது பிராமணருக்குக் கொடுத்த ஊர், பிராமணரின் சபை. அந்த நிலத்தை உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவன் பெயரும் ஏறவில்லை. பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. உள்ளே இருந்த சிலருக்குள் பதவி சுழன்றது. வெளியே நின்றவர்களுக்கு 360 நாளும் ஒன்றுதான், 3 ஆண்டும் ஒன்றுதான்.

குடத்துக்குள் எல்லோர் பெயரும் விழ ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1951–52 பொதுத்தேர்தலில்தான் வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை கிடைத்தது.

மூன்று முறை சென்றவர்

அந்தத் தேர்தலில் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. அதிலிருந்து மக்களவைக்குச் சென்ற இருவரில் ஒருவர் எல். இளையபெருமாள். 1924-இல் காட்டுமன்னார்கோவிலில், தீண்டாமைக்கு ஆளான மக்களில் பிறந்தவர். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை கூடிய அதே மண்ணில் அவர் பிறந்தார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சபையில் அவருடைய முன்னோரின் பெயர் ஓலையில் ஏறியிருக்க வழியே இல்லை.

1952-இல் கடலூர், 1957-இல் சிதம்பரம், 1962-இல் திருக்கோவிலூர் என்று மூன்று முறை அவர் மக்களவைக்குப் போனார். மூன்றாம் முறை உறுப்பினராக இருந்தபோது, 1965-இல், தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார மேம்பாடு குறித்தும் ஆராயும் மத்தியக் குழுவுக்குத் தலைவரானார். நாடு முழுவதும் சுற்றி, 1969-இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகக் கடுமையாக்கப்பட்டதில் அந்த அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. பரம்பரை அர்ச்சகர் உரிமை ஒழிய வேண்டும் என்ற அதன் பரிந்துரையும் தமிழ்நாட்டில் 1970-இல் சட்டத் திருத்தத்துக்குத் தூண்டுகோலாயிற்று.

உத்திரமேரூர் விதி அப்படியே நாடாளுமன்றத்துக்கு இருந்திருந்தால், ஒரு முறை இருந்துவிட்டு அவர் ஓய்ந்திருப்பார். அந்த அறிக்கை அவர் கையால் வந்திராது. நெடுங்காலம் உள்ளேயே வரமுடியாதிருந்தவர்களிடம், வந்தவுடனே இறங்கு என்று சொல்வது நியாயமாகாது. சட்டம் இயற்றுகிற வேலை ஓர் ஆண்டில் கைவருவதும் இல்லை. கால வரம்பு வேண்டும் என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உலகம் செய்து பார்த்தது

பிற நாடுகளில் என்ன நடந்தது? அமெரிக்கா விடுதலை பெற்ற காலத்து முதல் ஏற்பாட்டில், 1781 முதல், எந்தப் பிரதிநிதியும் 6 ஆண்டுக்குள் 3 ஆண்டுக்கு மேல் பேரவையில் இருக்கக்கூடாது. ஜேம்ஸ் மேடிசன் அந்த விதியால் 1783-இல் இறங்கினார். பின்னால் வந்த அரசியல் சட்டத்தில் அந்த விதி இல்லை. 1990-களில் பல மாநிலங்கள் தம் பிரதிநிதிகளுக்கு வரம்பு போட்டன. 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. மெக்சிகோ 1933-இல் உறுப்பினர்கள் அடுத்தடுத்து நிற்பதைத் தடை செய்தது. 80 ஆண்டுக்குப் பிறகு, 2014-இல், அதைத் தளர்த்தியது.

பிலிப்பைன்ஸ் கதைதான் நமக்கு மிகவும் பாடம். அங்கே 1987-இன் அரசியல் சட்டப்படி கீழவை உறுப்பினர் தொடர்ந்து 3 முறை, மேலவை உறுப்பினர் தொடர்ந்து 2 முறைதான் இருக்கலாம். நடந்தது என்ன? வரம்பு முடிந்தவரின் இடத்தில் மனைவியோ மகனோ தம்பியோ நின்றார்கள். ஒரு தவணை கழித்து அவரே திரும்பி வந்தார். குடும்ப ஆட்சியைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டும் என்று அதே அரசியல் சட்டம் சொன்னாலும், அங்குள்ள பேரவை பொதுவான ஒரு சட்டத்தை இதுவரை இயற்றவில்லை. நாற்காலியில் ஆள் மாறினார், வீடு மாறவில்லை. 919-இல் உத்திரமேரூர் பெருமக்கள் எதற்கு அஞ்சினார்களோ அதுவேதான் நடந்தது.

நம் நாட்டில்? அரசியல் நிர்ணய சபையின் 1948 வரைவில், குடியரசுத் தலைவர் ஒருமுறைதான் மறுபடியும் நிற்கலாம் என்று இருந்தது. இறுதிச் சட்டத்தில் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கோ வரம்பே இல்லை. இந்திரஜித் குப்தா 11 முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், எளிமையான வாழ்வுக்காகவே மதிக்கப்பட்டார். நெடுங்காலம் இருந்ததே குற்றம் என்றால் அவரும் குற்றவாளியாகிவிடுவார். மறுபக்கம், கிரிக்கெட் வாரியத்துக்கு லோதா குழு 2016-இல் பதவி இடைவெளி பரிந்துரைத்ததையும், உச்ச நீதிமன்றம் 2018-இல் தொடர்ந்து இரண்டு தவணை முடித்தவருக்கு 3 ஆண்டு இடைவெளி என்று வகுத்ததையும் பார்க்கிறோம். பெட்டிச் சாவி கையில் இருக்கும் இடங்களில் இடைவெளி விதிக்கு நியாயம் இருக்கிறது. உத்திரமேரூர் வாரியமும் அப்படிப்பட்ட இடம்தான்.

நம் சட்டத்தில் ஒரு பிரிவு

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10-ஏ பிரிவைப் படிக்கிறபோது உத்திரமேரூர் நினைவு வராமல் போகாது. தேர்தலில் நின்றவர் முடிவு வந்த 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் ஆணையம் அவரை 3 ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யும். கணக்கும் 3 ஆண்டும் ஆயிரம் ஆண்டு கழித்து மறுபடியும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

ஆனால் அது பதவிக்கு வர ஆன செலவின் கணக்கு. பதவியில் இருந்து செய்ததன் கணக்கு அல்ல. தொகுதி மேம்பாட்டு நிதி 1993-இல் தொடங்கியது. இன்று ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பணியைப் பரிந்துரைப்பவர் உறுப்பினர், நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். 5 ஆண்டு முடிந்து மறுபடியும் வேட்புமனு போடுகிறவர், எத்தனை நாள் அவைக்குப் போனேன், எதற்கு வாக்களித்தேன், எந்த ஊருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று தொகுதி மக்கள் முன் நின்று படிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. படிக்காதவர் நிற்கக்கூடாது என்ற தடையும் இல்லை. ஊராட்சித் தலைவர் கிராமசபையில் வரவு செலவைப் படித்துக் காட்டுகிறார். ஒரு சிற்றூரின் தலைவருக்கு உள்ள கடமை, பல லட்சம் பேரின் பிரதிநிதிக்கு ஏன் இருக்கக்கூடாது?

நான் கேட்பது இதுதான். நாடாளுமன்ற உறுப்பினருக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு போடுவதற்கு முன்னால், கணக்குக் கொடுக்காதவர் மறுபடியும் நிற்க முடியாது என்று ஒரு விதி போடுவோம். பெண்ணாடத்தைப் போன்ற ஒவ்வொரு ஊரிலும் தேர்தலுக்கு முன் ஒரு நாள் அந்தக் கணக்கு உரக்கப் படிக்கப்படட்டும், ஊர் கேள்வி கேட்கட்டும். நல்ல கணக்கோடு வருகிறவரை மக்கள் மூன்று முறை அல்ல, பத்து முறை அனுப்பினாலும் நாடு கெடாது. கணக்கில்லாதவர் ஒரே முறை இருந்தாலும் போதும், கெட்டுவிடும். 921-இல் உத்திரமேரூரார் தம் விதியைத் திருத்தி எழுதியது இந்த உண்மையைக் கண்டுதான். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அந்தத் திருத்தத்தைத்தான்.

(தொடரும்)

அடுத்த இதழில்: வீராணத்துத் தண்ணீரை யார் பங்கிட்டார்கள்? மடைகளின் வரலாறு.